வேலியில் நின்ற பசளை: ஒரு ஆறு பரப்புத் தோட்டத்தின் கதை

உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணில் சித்தப்பாவுக்கு ஆறு பரப்புத் தோட்டம் இருக்கிறது. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்கிற யாழ்ப்பாணக் கணக்கில் அது அரை ஏக்கருக்கும் குறைவு, ஏறக்குறைய 1,500 சதுர மீற்றர். ஒரு கிணறு, தண்ணீர் இறைக்க ஒரு மண்ணெண்ணெய் மிசின், இரண்டு ஊர்மாடு. சின்ன வெங்காயம், கத்தரி, கோவா (முட்டைக்கோசு), பீற்றூட், இடைக்கிடை பயிற்றை, மிளகாய். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது இந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு மண் எப்படி மாறியது என்பதைக் கூடவே நின்று பார்த்தேன், கொப்பியில் எழுதியும் வைத்தேன். சேதனப் பசளை (எரு, குழை போன்ற இயற்கை உரம்) நல்லதா கூடாதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆறு பரப்பின் கதையைச் சொல்லவேண்டும் போலிருக்கும். நாங்கள் பிழை விட்ட இடங்களையும் சேர்த்து முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் மண். எங்கள் வலிகாமப் பகுதிச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிற மண், சில இடங்களில் இரண்டு அடி தோண்டவே கல் தட்டும். தண்ணீர் தேங்காது, வேர் இலகுவாக ஓடும், இறைத்தால் அள்ளித் தரும், அதனால்தான் இத்தனை தலைமுறையாக இதில் தோட்டம் செய்கிறார்கள். ஆனால் சேதனப் பொருள் தங்காத மண். வருடம் முழுக்க வெயில். வருடத்தில் பெய்கிற 1,200, 1,300 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், மற்ற மாதமெல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். இந்தச் சூட்டில், ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வர, நாங்களும் கொத்திக் கொத்திக் காற்றுப்பட வைக்க, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் போட்ட எருவைக் கெதியாகத் தின்று தீர்த்துவிடும். குளிர்நாட்டில் ஒருமுறை போட்ட எரு பல வருடம் நிற்கும் என்று வாசிக்கிறதை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. போகத்துக்குப் போகம் போட்டுக்கொண்டே இருந்தால்தான் உண்டு.

பழைய ஆட்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. காவோலையை (காய்ந்த பனையோலை) கிழித்து மண்ணில் தாட்பார்கள். பூவரசு, வாதராணி, முள்முருக்கை, காவிளாய் என்று கைக்கு அகப்பட்ட குழையெல்லாம் மண்ணுக்குள் போகும். இரவில் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைத்து, ஒவ்வொரு நாளும் பட்டியை இடம் மாற்றி, தோட்டம் முழுக்கச் சாணமும் சலமும் (மூத்திரமும்) விழச் செய்வார்கள். மழைக்காலத்தில் சணல் (சணப்பை) விதைத்து, மஞ்சளாய்ப் பூக்கிற நேரம் பார்த்து மடித்து உழுவார்கள்.

1990இல், போர்க்காலத்தில், அரசாங்கம் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டபோது தடைசெய்த பொருட்களின் பட்டியலில் யூரியாவும் இருந்தது, அதிலிருந்து வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்ற பயத்தில். ஆக, யூரியா இல்லாமல் தோட்டம் செய்வது எங்கள் ஊருக்கு 2021இல் புதிதாக வந்த விசயமில்லை. மண்ணெண்ணெயும் இல்லாத அந்தக் காலத்தில் துலாமிதித்து இறைத்து, குழை தாட்டு, வெங்காயமும் மரவள்ளியும் கத்தரியும் விளைந்த தோட்டம் இது. "அப்ப செய்தனாங்கள் தானே" என்று 2021 சித்திரையில் தடையைப் பற்றிய செய்தி வந்த அன்று சித்தப்பா சொன்னது நன்றாக ஞாபகமிருக்கிறது. பெரிதாக அவர் பயப்படவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தடையின் கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 சனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவின் கொள்கை அறிக்கையில் பத்து வருடத்தில் நாட்டைச் சேதன விவசாயத்துக்கு மாற்றுவதாக இருந்தது. பத்து வருடம் என்று சொன்னதை, டொலர் தட்டுப்பாடும் நெருக்க, 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் செய்தார்கள்: இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இறக்குமதி செய்யத் தடை. சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலின் மாதிரியில் எர்வினியா என்ற பக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பினார்கள், பிறகு 67 இலட்சம் டொலர் அளவில் கொடுத்துத் தகராறைத் தீர்த்தார்கள். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்தது. நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள். அதற்குள் மாரி மழையோடு செய்கிற காலபோகம் விதைத்து முடிந்துவிட்டது, அந்தப் போகத்து நெல் விளைச்சல் முந்தின காலபோகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேல் குறைந்தது. தடையை எடுத்த பிறகும் வாங்க டொலர் இல்லாததால் யூரியா கடைக்கு வரவில்லை. 2022 நடுப்பகுதியில் இந்தியக் கடனில் வந்த யூரியாவை நெல்லுக்கென்று 50 கிலோ மூடை 10,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நெல் செய்கிறவர்கள் ஒரு காலத்தில் மானியத்தில் 350 ரூபாய்க்கு வாங்கிய அதே மூடை.

சரி, ஆறு பரப்புக்கு வருவோம்.

2021 கோடையில் தோட்டத்தில் கத்தரி இரண்டு பரப்பு, வெங்காயம் மூன்று பரப்பு, மிச்சத்தில் பயிற்றை. வீட்டில் கிடந்த அரை மூடை யூரியாவைச் சித்தப்பா வெங்காயத்துக்கு ஒதுக்கினார், கத்தரிக்கு முழுக்கச் சேதனம் என்று முடிவெடுத்தோம். இரண்டு மாட்டின் எரு கத்தரிக்குக் காணாது, ஆகவே காவோலையைச் சின்னதாக வெட்டி, அரைகுறையாக உக்கின நிலையில் கத்தரி வரிசைக்கு இடையில் தாட்டோம். இரண்டு கிழமைக்குள் கத்தரி இலை அடியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கியது. நோயென்றுதான் முதலில் நினைத்தோம், இலைகளைப் பிடுங்கிப் பார்த்தோம், புழு பூச்சி ஒன்றுமில்லை. அது பட்டினி. காவோலையில் காபன் (கரிமம்) மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. ஒரு பங்கு நைதரசனுக்கு முப்பது பங்குக்கு மேல் காபன் இருக்கிற எதையும் மண்ணில் புதைத்தால், அதை உக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டுவதற்கு மண்ணில் ஏற்கெனவே இருக்கிற நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். பயிருக்குப் போகவேண்டியதை நாங்களே காவோலைக்குத் தீனியாகக் கொடுத்திருந்தோம். இரண்டு மூன்று மாதம் போனால் அந்த நைதரசன் திரும்பி வரும், ஆனால் காய்க்கிற கத்தரி அதுவரை காத்திருக்காது.

பழைய ஆட்களும் காவோலை தாட்டார்களே, அப்போது ஏன் மஞ்சளாகவில்லை? இந்தக் கேள்வி பல நாள் மண்டையைக் குடைந்தது. சித்தப்பாவின் மூத்த அக்கா, எங்கள் பெரியமாமி, ஒரு நாள் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "காவோலைய பயிருக்கு ஆர் தாட்டது? அது மழைக்கு முன்னம் வெறும் மண்ணில தாட்டு விடுறது. தைக்குள்ள அது மண்ணாப் போயிடும்." அவ்வளவுதான் விசயம். வெறும் நிலத்தில் தாட்டு, முழு மாரியும் உக்கவிட்டு, பிறகுதான் பயிர். நாங்கள் பொருளை ஞாபகம் வைத்திருந்தோம், காலத்தை மறந்துவிட்டோம்.

அடுத்த பிழை வெங்காயத்தில். யூரியா முடிந்த பிறகு, ஒரு கோழிப்பண்ணையிலிருந்து புதுக்கோழி எரு நாலு மூடை கொண்டுவந்து பாத்தியில் தூவி இறைத்தோம். கோழி எருவில் நைதரசன் மாட்டெருவைப்போல் இரண்டு மூன்று மடங்கு, அதில் பெரும்பகுதி கெதியாக அமோனியாவாக மாறுகிற வகை, உப்பும் கூட. மூன்றாம் நாள் வெங்காயத் தாள் நுனி கருகிப்போய் நின்றது. பாத்தியடியில் குனிந்தால் மூக்கில் ஏறுகிற அந்த நெடி இன்னும் மறக்கவில்லை. அந்த நெடிதான் காற்றில் போகிற நைதரசன், நாங்கள் காசு கொடுத்து வாங்கினது.

இந்த நேரத்தில் சேதனப் பசளை என்ற பெயரில் மூடை மூடையாகச் சந்தைக்கு வந்ததையும் சொல்லவேண்டும். ஒரு வியாபாரியிடம் பத்து மூடை கூட்டெரு வாங்கினோம். கொட்டிப் பார்த்தால் பாதி மணல், உக்காத மரத்தூள், பொலித்தீன் துண்டு, போத்தல் ஓடு. கையில் எடுத்துப் பிசைந்தால் ஈர மண்ணின் வாசம் வரவேண்டும், இது ஒரு வாசமும் இல்லாமல் சும்மா கிடந்தது. திடீரென்று நாடு முழுக்கத் தேவை உண்டானால் இப்படித்தான் வரும். யூரியா மூடையில் 46 சதவீதம் நைதரசன் என்று அச்சிட்டிருக்கும், அது அப்படியே இருக்கும். எருவில் அப்படி ஒரு நம்பிக்கைக்கு இடமில்லை, மாடு தின்றதையும் குவியல் கிடந்த இடத்தையும் பொறுத்து இரண்டு குவியல் இரண்டு மாதிரி.

அந்தக் கோடை கத்தரி வழமையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது, வெங்காயம் சின்னச் சின்னதாய்ப் போனது. மார்கழியில் நட்ட கோவா அதைவிட மோசம், தலை கட்டாமல் இலையாகவே நின்றது பாதி. சந்தையில் மரக்கறி விலை ஏறிக்கொண்டிருந்ததால் சித்தப்பா கடனில் விழவில்லை. விலை அப்படி ஏறினதால் வாங்கிச் சாப்பிடுகிற எத்தனை வீடு கறி குறைத்தது என்பதும் எங்களுக்குத் தெரியும், ஆகவே அதைச் சந்தோசம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்த மாரியில்தான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். இந்தக் கணக்கை எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முழுப் பிரச்சினையும் இதற்குள் இருக்கிறது.

ஒரு மரக்கறிப் பயிருக்கு எக்டேருக்கு 100 கிலோ நைதரசன் என்று வையுங்கள், சில பயிருக்கு இது காணாது, இருந்தாலும் சுத்தமான இலக்கமாக இருக்கட்டும். ஆறு பரப்புக்கு அது 15 கிலோ நைதரசன். யூரியாவாகப் போட்டால் 33 கிலோ, ஒரு மூடையின் முக்கால் பங்குகூட இல்லை, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வரலாம். மாட்டெருவாகப் போட்டால்? நல்ல காய்ந்த எருவில் ஒரு சதவீதம் நைதரசன் என்று வைத்தால் ஒன்றரைத் தொன். ஆனால் அந்த நைதரசன் அப்படியே பயிரின் கையில் வராது, முதல் போகத்தில் உக்கிக் கரைந்து வருவது மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று. ஆக, அதே 15 கிலோ அதே போகத்தில் வேண்டுமென்றால் ஐந்து தொன் எரு போடவேண்டும். ஒரு ஊர்மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போட்டால் அதில் எட்டுக் கிலோ தண்ணீர். பகலில் மேய்ச்சலில் விழுவது போக, இரண்டு மாட்டிலிருந்து வருடத்துக்கு எங்களுக்குக் கிடைக்கிற காய்ந்த எரு ஒரு தொன்னும் வராது. ஐந்து வருடத்துச் சாணம் ஒரு போகத்துக்கு.

நனோ திரவத்துக்கும் இதே கணக்கைப் போடலாம். இந்தியாவில் அப்போது விற்ற அரை லீற்றர் நனோ யூரியாப் போத்தலில் 4 சதவீதம் நைதரசன், அதாவது 20 கிராம். அது ஒரு மூடை யூரியாவுக்குச் சமம் என்று சொல்லி விற்றார்கள். ஒரு மூடை யூரியாவில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். இலையில் தெளித்தால் வீணாகாமல் போகும் என்பதை ஒத்துக்கொண்டாலும், பயிர் தன் உடம்பில் கட்டுகிற நைதரசன் எங்கிருந்தோ வந்துதான் ஆகவேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்த சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப தொண்ணூறில என்னெண்டு சமாளிச்சனாங்கள்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் வேலிக்கு வந்து சேர்ந்தோம். தொண்ணூறில் இந்தத் தோட்டத்துக்கு நாலு பக்கமும் உயிர்வேலி. கிளுவை, சீமைக்கிளுவை (கிளிரிசிடியா), பூவரசு, இடையிடையே முள்முருக்கை, வாதராணி. வீட்டு வளவுக்கும் அப்படியே. ஒழுங்கை முழுக்க இரண்டு கரையும் பச்சை. 2021இல் நிற்பது என்ன? வீட்டு வளவுக்கு மதில். ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் மதில். தோட்டத்தின் மேற்குப் பக்கம் பக்கத்து வளவுக்காரரின் மதில், மற்ற மூன்று பக்கமும் கம்பி வேலி, அதில் அங்கொன்று இங்கொன்றாய்ச் சீமைக்கிளுவை, அதையும் வெட்டி வெளியில் போட்டு எரித்துக்கொண்டிருந்தோம். மாடு அப்போது ஐந்து, இப்போது இரண்டு. பட்டி கொண்டுவருகிற ஆட்களும் அருமை. 1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன வேலிகளில், நாங்கள் திரும்பி வந்தபோது பாதி பட்டுப்போயிருந்தன, அதற்குப் பிறகு வந்த காசு மதிலாக எழும்பியது. யாரையும் குறை சொல்லவில்லை, போரில் எல்லாம் இழந்த சனம் ஒரு மதில் கட்டிப் பாதுகாப்பாய் இருக்க ஆசைப்பட்டதில் என்ன பிழை? ஆனால் அந்த வேலிதான் தொண்ணூறின் யூரியா மூடை. அது போனது பசளை போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை, யூரியா கடையில் கிடைத்துக்கொண்டிருந்ததால்.

சீமைக்கிளுவையின் கணக்கைப் பாருங்கள். பச்சை இலையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர், காய்ந்த இலையில் 3 முதல் 4 சதவீதம் நைதரசன். நூறு கிலோ பச்சைக் குழையில் ஏறக்குறைய 800 கிராம் நைதரசன் என்று வைக்கலாம். எங்கள் தோட்டத்தின் மூன்று பக்க வேலி 115 மீற்றர். அரை மீற்றருக்கு ஒரு கதியால் (வேர்விட நடுகிற தடி) நட்டால் 230 மரம். வளர்ந்த மரம் ஒரு வெட்டுக்கு மூன்று கிலோ குழை தந்தால் 700 கிலோ, அதில் ஐந்தரைக் கிலோ நைதரசன். வருடத்துக்கு மூன்று வெட்டு, பதினாறு கிலோவுக்கு மேல். அதாவது ஒரு பயிருக்கு வேண்டிய அளவு வேலியிலேயே நிற்கிறது, காற்றிலிருந்து தானே பிடித்துத் தருகிற மரம், காவோலைபோல் மாதக்கணக்கில் உக்கவும் தேவையில்லை, ஈரம் இருந்தால் இரண்டு மூன்று கிழமையில் கரையத் தொடங்கும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று இலங்கையில் அறிவித்த மரம்தான் இது, நாங்கள் வெட்டி எரித்துக்கொண்டிருந்தது.

2022 மாரிக்கு வேலி முழுக்கக் கதியால் நட்டோம். கதியால் பெருவிரலைவிட மொத்தமாக, ஐந்தடி நீளமாக, அடி சரிவாக வெட்டினதாக இருந்தால் மழையில் இலகுவாக வேர் விடும். முதல் வருடம் ஒன்றும் வெட்டக்கூடாது, இதில்தான் அவசரப்படுகிற ஆட்கள் கெடுப்பார்கள். அதே மழைக்கு வெறும் நிலத்தில் சணல் விதைத்தோம். நாற்பத்தைந்து ஐம்பது நாளில் இடுப்புக்கு மேல் வந்து பூக்கத் தொடங்கும், அந்த நேரம் தண்டு இன்னும் இளசு, வேரில் முடிச்சு இருக்கும், நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காய் பிடிக்கிற மட்டும் விட்டால் தண்டு நாராகி, காவோலைக் கதைதான் திரும்ப வரும். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மிசினால் மடித்து உழுது, இரண்டு மூன்று கிழமை விட்டு, தையில் கத்தரிக் கன்று நட்டோம்.

எருவைச் சேர்க்கிற விதத்தையும் மாற்றினோம். முன்பு சாணத்தை அள்ளி வெளியில் கொட்டி வைப்போம், வெயில் காய, மழை கரைக்க அது கிடக்கும். மாடு வெளியேற்றுகிற நைதரசனில் பாதியளவு சலத்தில் போகிறது என்று விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சொன்ன பிறகுதான் கொட்டிலின் தரையைப் பார்த்தோம்: முழுச் சலமும் வாய்க்கால் வழியே மதிலடிக்குப் போய்க்கொண்டிருந்தது, மதிலடியில் புல்லு மட்டும் கரும்பச்சையாய் நின்றது. இப்போது தரையில் உலர்ந்த இலைசருகு, வெட்டின காவோலை, கொஞ்சம் தோட்டத்து மண் போட்டுவைக்கிறோம், அது ஊறினதும் அள்ளிக் குவியலுக்குப் போகிறது. காவோலைக்குக் குறையாய் இருந்த நைதரசனைச் சலம் கொடுக்கிறது, சலத்தை ஓடாமல் காவோலை பிடிக்கிறது. குவியலுக்கு மேல் கிடுகு (பின்னின தென்னோலை). கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியவேண்டும், ஒழுகக்கூடாது. நடுவில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி வைத்து, பத்து நிமிடம் விட்டு இழுத்தால், பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு இருக்கவேண்டும். 55 பாகைக்கு மேல் சில நாள் சூடேறி, பிரட்டிப் போட்டு மறுபடி சூடேறினால்தான் களை விதை சாகும். பார்த்தீனியம் பெருகிக் கிடக்கிற எங்கள் ஊரில் இது சின்ன விசயமில்லை, வெளியிலிருந்து வாங்கின எருவோடு அந்தச் செடியும் தோட்டத்துக்குள் வந்துசேர்ந்தது, இன்னமும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மாற்றம் முதலில் இறைப்பில்தான் தெரிந்தது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்குப் போனது. ஒவ்வொரு இறைப்பும் காசாய் எரிகிற காலம். வழமையாய்க் கத்தரிக்கு மூன்று நாளுக்கு ஒருக்கா இறைக்கிற தோட்டம். சணல் மடித்த அடுத்த கோடையில், சித்தப்பா நாலாம் நாள் போய் மண்ணைக் கிண்டிப் பார்த்துவிட்டு இறைக்காமல் திரும்பி வந்தார். "இன்னும் ஈரமாக் கிடக்கு." இப்போது நாலு நாள், முகில் போட்டால் ஐந்து நாள். விளைச்சல் கூடினதைவிட இதுதான் அவருக்குப் பெரிய லாபம், பக்கத்துத் தோட்டக்காரரையும் சணல் பக்கம் திருப்பினது இந்த மண்ணெண்ணெய்க் கணக்குத்தான்.

நான் செய்து பார்த்த ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது, யாரும் செய்யலாம். மதிலோரமாய் ஒரு துண்டு, எருவோ குழையோ போகாத இடம். அங்கிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, தோட்டத்து நடுவிலிருந்து அதே அளவில் இன்னொரு கட்டி. இரண்டு தேத்தண்ணிக் கிளாசில் தண்ணீர் எடுத்து ஒரே நேரத்தில் மெதுவாய் உள்ளே விட்டேன். மதிலோரக் கட்டி புசுபுசென்று காற்று விட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கவே உடைந்து கரைந்து, தண்ணீர் முழுக்கச் செங்கலங்கலாய்ப் போனது. மற்றக் கட்டி ஓரம் கொஞ்சம் உதிர்ந்ததோடு அப்படியே அடியில் உட்கார்ந்திருந்தது, மேலே தண்ணீர் தெளிவு. பின்னேரம் வந்து பார்க்கும்போதும் கட்டி கட்டிதான். உக்கின எருவும், அதைத் தின்கிற பூஞ்சண நூலும் பக்டீரியாப் பசையும் மண்துகளைப் பிடித்து வைத்திருக்கிற பிடி அது. இந்தப் பிடி இல்லாத மண் இறைத்தவுடன் மேலே பொருக்குக் கட்டும், பொருக்குக்குக் கீழே வேருக்கு மூச்சு முட்டும். யூரியாவில் நைதரசன் மட்டும்தான் இருக்கிறது, இது இல்லை. மண்புழுவும் வந்துவிட்டது. பீற்றூட் பிடுங்கும்போது வேரோடு தொங்கிக்கொண்டு வருகிறது, சின்ன வயதில் மீன் பிடிக்கத் தோண்டியது ஞாபகம் வந்தது.

அதற்காக எல்லாம் சரியாய்ப் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். 700 கிலோ குழையை வெட்டி, காவி, பாத்திக்குள் தாட்டு மூடுவது இரண்டு பேருக்கு முழுதாய் இரண்டு நாள் வேலை, சித்தப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கூலிக்கு ஆள் பிடித்தால் அந்த நைதரசன் யூரியாவைவிட விலை கூடினதாகிவிடும். சந்தையில் இதற்கென்று ஒரு ரூபாயும் கூடக் கிடைக்காது, மருதனார்மடத்தில் கத்தரியைக் கொட்டினால் அது கத்தரி, அவ்வளவுதான். அரைகுறை எருவில் வெள்ளைப் புழு வந்து மிளகாய் வேரைக் கடித்த போகமும் உண்டு. கோவா இன்னும் முழுச் சேதனத்தில் திருப்தியாய் வரவில்லை, தலை கட்டுகிற மூன்று கிழமைக்குள் அது கேட்கிற நைதரசனை மண் அந்த வேகத்தில் விடுவதில்லை. ஆகவே கோவாவுக்கும் வெங்காயத்துக்கும் சித்தப்பா இப்போதும் யூரியா போடுகிறார், முன்பு போட்டதில் பாதிக்கும் குறைவாக, ஒரேயடியாய் இல்லாமல் மூன்று தடவையாகப் பிரித்து. இதைக் கேட்டு முகம் சுளிக்கிற சேதனக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை. மண் தேறிக்கொண்டு வருகிறது, வீடும் நடக்கவேண்டும்.

இன்னொன்று, எங்கள் ஊருக்கென்றே உள்ளது. யாழ்ப்பாணத்தில் குடிக்கிற தண்ணீரும் இறைக்கிற தண்ணீரும் ஒரே சுண்ணாம்புக் கல்லுக்குள்தான் கிடக்கிறது. மேலே போடுவது கரைந்து கீழே போகும், தடுக்க ஒன்றுமில்லை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, போத்தல் பால் குடிக்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் போனால் இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து. தோட்டப் பகுதிக் கிணறுகளில் இந்த அளவு தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யூரியாவை அள்ளிப் போட்டதும் மலக்குழிகளும் இதற்குக் காரணம். அதனால் சேதனப் பசளை என்றால் கிணற்றுக்கு ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள், அது பிழை. எருவிலிருந்து வருகிற நைதரசனும் மண்ணில் நைத்திரேற்றாகத்தான் மாறும். பயிர் இல்லாத வெறும் நிலத்தில், பெருமழைக்கு முதல் கிழமை, கோழி எருவைக் கொட்டினால் அது நேரே கிணற்றுக்குப் போகும். மழைக்காலத்தில் நிலத்தில் எதையாவது வளர விடவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: மழையோடு இறங்கப் பார்க்கிற நைத்திரேற்றைச் சணல் வேர் பிடித்து வைத்திருந்து, மடிக்கும்போது திருப்பித் தருகிறது. எருவைக் கன்று நடுகிற நேரத்துக்கே மண்ணில் சேர்க்கிறோம், மாரிக்கு முன் காவோலை மட்டும் போகிறது. பெரியமாமி சொன்ன ஒழுங்கு இதுதான், அவருக்கு நைத்திரேற்று என்ற சொல் தெரியாது.

புதிதாய்த் தொடங்குகிற ஆட்கள் என்னிடம் கேட்டால் ஒரு பரப்பில் தொடங்கச் சொல்வேன். அந்த ஒரு பரப்புக்கு எக்டேருக்குப் பத்துத் தொன் என்ற அளவில் எரு 250 கிலோ, அதோடு குழை, அதோடு மழைக்கு ஒரு சணல். மிச்சத்தில் வழமைபோல் செய்யுங்கள். கதியாலை மட்டும் முதல் மழைக்கே முழு வேலிக்கும் நட்டுவிடுங்கள், ஏனென்றால் அதற்குத்தான் வருடங்கள் எடுக்கும். மூன்றாம் வருடம் இரண்டு இடத்து மண்ணையும் கிளாசில் போட்டுப் பாருங்கள்.

போன மாதம் சித்தப்பா மேற்குப் பக்கத்து வளவுக்காரரோடு கதைத்தார். மதிலை ஒன்றும் செய்யமுடியாது, அது நிற்கட்டும், மதிலிலிருந்து மூன்றடி தள்ளி எங்கள் பக்கம் ஒரு வரிசை சீமைக்கிளுவை வைத்தால் வேர் அத்திவாரத்துக்கு வருமோ என்று அவருக்குப் பயம். வருடத்துக்கு மூன்று தரம் தோள் உயரத்தில் வெட்டுகிற மரம், பெருக்க விடமாட்டோம் என்று சொல்லி ஒருவாறு சம்மதிக்க வைத்திருக்கிறார். எழுபது கதியால் வேண்டும். கிழக்கு வேலியில் மொத்தமானவற்றைப் பார்த்துச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டாயிற்று, ஐப்பசி முதல் மழைக்கு வெட்டுவோம்.